எபிலேட்டர்: எப்படி வேலை செய்கிறது, எங்கே பிசகுகிறது

உடல்முடியைப் பிடுங்கி எடுக்கும் மின்கருவியான எபிலேட்டரைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. ‘வேரோடு பிடுங்கிவிடும், நாலைந்து தடவை போட்டால் முடியே வராது’ என்பது ஒன்று. ‘உயிர் போகிற வலி, தோலெல்லாம் பொரிப்பொரியாகிவிடும், முடியும் முன்பைவிட அடர்த்தியாக வரும்’ என்பது மற்றொன்று. முதலாவதை நம்பி வாங்கியவர், மூன்றாம் வாரம் முடி தலைகாட்டியதும் ஏமாந்து போகிறார். இரண்டாவதை நம்புகிறவர் கடைப்பக்கமே போவதில்லை. வாங்கியவர்களிலும் பலர், முதல் தடவை பட்ட பாட்டோடு அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

இந்தக் கருவி செய்வது ஒரே வேலைதான்: முடியைக் கவ்வி இழுப்பது. இழுத்தால் ஒன்று முடி முழுசாகக் கழன்று வரும், இல்லையென்றால் பாதியில் அறுந்துபோகும். தோல் எத்தனை நாள் வழவழப்பாக இருக்கும், பிறகு பொரி வருமா, முடி தோலுக்குள்ளேயே சுருண்டுகொள்ளுமா என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில் எது நடந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே அறுக்காமல் கழற்றுவது எப்படி என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு முன், தோலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

வெட்டுவதும் பிடுங்குவதும்

ரேசரும் ட்ரிம்மரும் முடியைத் தோலின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ வெட்டுகின்றன. முடி நீக்கும் கிரீம் வெட்டுவதில்லை. முடியில் இருக்கும் புரதத்தை வேதிப்பொருளால் இளக்கிவிடுகிறது. ஆனாலும் அதன் வேலையும் தோலின் மட்டத்தை ஒட்டியே முடிந்துவிடும். உள்ளே இருக்கும் பகுதி அப்படியே இருப்பதால், ஓரிரு நாளில் கை வைத்தால் சொரசொரப்புத் தெரியும்.

வேக்சிங், த்ரெட்டிங், ட்வீசர், எபிலேட்டர் நான்கும் வேறு வகை. இவை முடியைத் தோலுக்குள்ளிருந்து உருவி எடுக்கின்றன. இவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வேக்ஸ் முடியோடு சேர்த்துத் தோலின் மேலடுக்கிலிருந்து இறந்த செல்களையும் கொஞ்சம் உரித்துக்கொண்டு வரும். அது பிடிப்பதற்கு முடி ஏறக்குறைய 5 மில்லிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். எபிலேட்டர் முடியை மட்டுமே பிடிக்கிறது. 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அடுத்த தடவைக்காக முடியை நீளமாக வளரவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி.

பிடுங்கிய முடி ஏன் திரும்ப வருகிறது

விரலில் அடிபட்டு நகம் முழுதாகப் பெயர்ந்து விழுந்தாலும் சில மாதங்களில் புது நகம் வந்துவிடுகிறது. நகத்தை உண்டாக்கும் திசு நகத்தில் இல்லை. அதன் அடியில், தோலுக்குள் இருக்கிறது. விழுந்தது அந்தத் திசு செய்து தள்ளிய பொருள் மட்டுமே. முடியின் கதையும் இதுதான்.

ஒவ்வொரு முடியும் தோலுக்குள் ஒரு குறுகலான குழியில் நிற்கிறது. அந்தக் குழிக்கு மயிர்க்கால் என்று பெயர். கால், கை போன்ற இடங்களில் அதன் ஆழம் சில மில்லிமீட்டர்தான். குழியின் அடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கொண்ட ஒரு சிறு மேடு இருக்கிறது. அதைச் சூழ்ந்த செல்கள் பெருகிப் பெருகி, மேலே தள்ளப்பட்டு, கடினமாகி, முடியாகின்றன. குழியின் பக்கச் சுவரில் இன்னொரு கூட்டம் செல்கள் உண்டு. பழைய முடி போனதும் புது முடியைத் தொடங்கிவைப்பவை அவை.

எபிலேட்டர் இழுக்கும்போது முடியும் அதன் அடியில் உப்பிய முனையும் வெளியே வருகின்றன. முனையில் தெரியும் அந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்துத்தான் ‘வேரே வந்துவிட்டது’ என்று நம்பிவிடுகிறோம். அது முடியின் கீழ்நுனி. அடிமேடும் சுவரிலிருக்கும் செல்களும் உள்ளேயே தங்கிவிடுகின்றன; கொஞ்சம் காயம் ஆறியதும் திரும்பவும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. பல ஆண்டுகள் தொடர்ந்து பிடுங்கியதில் சில மயிர்க்கால்கள் சேதமாகி, முடி மெலிந்தோ குறைந்தோ போனவர்கள் உண்டு. அப்படி ஆகும் என்று யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. நிரந்தரத் தீர்வு வேண்டும் என்ற எண்ணத்தோடு எபிலேட்டர் வாங்கவேண்டாம்.

‘மூன்று வாரம்’ என்ற கணக்கு

பெட்டியின் மேல் மூன்று, நான்கு வாரம் என்று போட்டிருக்கும். வாங்கியவருக்கோ ஆறாம் நாளே முடி தெரியும். இரண்டுமே உண்மை.

முடி இடைவிடாமல் வளர்ந்துகொண்டிருப்பதில்லை. சில காலம் வளரும், இது வளர்பருவம். பிறகு சில வாரங்களில் வளர்ச்சி நின்று முடி அடிமேட்டிலிருந்து விலகும், இது மாறுபருவம். அதன்பின் உதிரும்வரை சும்மா நிற்கும்; இது ஓய்வுப்பருவம். தலைமுடியின் வளர்பருவம் 2 முதல் 6 ஆண்டுகள். கால், கை முடிக்கு அது சில மாதங்களே, ஓய்வுதான் அதிகம். கால்முடி ஒரு நீளத்துக்கு மேல் வளராததற்குக் காரணம் இதுதான்.

பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்கள்கூட ஒரே பருவத்தில் இருப்பதில்லை. இன்று நீங்கள் எபிலேட்டர் போடும்போது வெளியே தெரியும் முடிகள் ஒரு பங்கு. தோலுக்குள் பாதி வழி ஏறி வந்துகொண்டிருக்கும் முடிகள் இன்னொரு பங்கு. இன்னும் தொடங்காத மயிர்க்கால்களும் உண்டு. எந்திரம் முதல் பங்கை மட்டுமே எடுக்கும். ஆறாம் நாள் தெரிவது இரண்டாம் பங்கு. நீங்கள் பிடுங்கிய முடி அல்ல. பிடுங்கிய இடத்தில் புது முடி உருவாகி, அடியிலிருந்து மேலே வந்து எட்டிப்பார்க்கத்தான் மூன்று, நான்கு வாரம் ஆகிறது.

எனவே முதல் தடவை போட்டு ஏழு, பத்து நாள் கழித்து, அப்போது தலைகாட்டிய முடிகளுக்காக ஒருமுறை போடுங்கள். அதற்கும் பத்து நாள் கழித்து இன்னொரு முறை. இந்த மூன்றும் முடிந்தபின் தெரியும் முடி வெகுவாகக் குறைந்திருக்கும். அடுத்த தடவையை மூன்று, நான்கு வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம். நடுவில் பொறுமையிழந்து ரேசர் எடுத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. ஷேவ் செய்தால் எடுக்கவேண்டிய முடியெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். பத்து நாள் கழித்து எல்லாம் ஒன்றுசேர்ந்து நிற்கும். அடுத்த தடவை மறுபடியும் முதல் தடவை மாதிரியே வலிக்கும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: எபிலேட்டர் முடியை எடுக்கிறது, முடியை உண்டாக்கும் இடத்தை அழிப்பதில்லை. வெளியே தெரிகிற முடியை மட்டும் எடுக்கிறது. ஆகவே ஒரே தடவையில் பலன் முழுதாகத் தெரியாது. மூன்று தடவைகளில் தெரியும்.

தடித்து வளருமா?

வளராது. ஷேவ் செய்தாலும் வளராது. இதை 1928-லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் ஆண்களின் முகத்து முடியை அளந்து பார்த்துச் சொல்லிவிட்டார். முடியின் பருமனும் நிறமும் மயிர்க்காலில் தீர்மானமாகின்றன. மேலே வெட்டியது அங்கே எட்டாது; இழுப்பதாலும் முடி தடிக்காது.

ஷேவ் செய்தபின் தடிப்பாகத் தோன்றக் காரணம், முடியின் நடுப்பகுதி தட்டையாக வெட்டுப்பட்டு, அந்த முரட்டு முனையே மேலே வருவதுதான். பிடுங்கியபின் வரும் முடி புதிதாக, கூரிய மெல்லிய நுனியோடு வரும். அதனால் தொட்டால் மெத்தென்று இருக்கும்.

பதின்ம வயதில் தொடங்கியவர்களுக்கு முடி தடித்தது போலத் தோன்றுவதுண்டு. அந்த வயதில் ஹார்மோன்களால் பூனைமுடி கருமுடியாக மாறுவது இயல்பு. எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் மாறியிருக்கும்.

எந்திரத்துக்குள் என்ன நடக்கிறது

1986-ல் இஸ்ரேலில் எபிலேடி என்ற பெயரில் வந்த தொடக்ககால எபிலேட்டரில், வில்லாக வளைத்த ஒரு ஸ்பிரிங் வேகமாகச் சுழலும். வளைவின் வெளிப்பக்கத்தில் சுருள்களுக்கு நடுவே இடைவெளி திறந்திருக்கும். முடி அதற்குள் நுழையும். சுழன்று உள்பக்கம் வரும்போது சுருள்கள் நெருங்கி முடியைக் கவ்வி இழுத்துவிடும்.

இப்போது கிடைக்கும் எபிலேட்டர்களில் பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லை. ஓர் உருளையில் மெல்லிய தகடுகள் இரண்டிரண்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு இணையும் ஒரு ட்வீசர். உருளை சுழலும்போது, தோலை நோக்கி வரும் இணை மூடி முடியைக் கவ்வும். கவ்வியபடியே மேலே போகும். முடி கழன்றதும் திறந்து அதை உதறிவிடும். எந்திரத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்து, மின்சாரம் இல்லாத நிலையில், உருளையை விரலால் மெல்ல உருட்டினால் இந்தத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடித் திறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒருமுறை பார்த்துவிட்டால், எந்திரத்தை ஏன் மெதுவாக நகர்த்தவேண்டும் என்பதற்கு விளக்கமே தேவைப்படாது: தகடு மூடி, மேலே போய், திறந்து முடிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

ட்வீசர்களின் எண்ணிக்கை 20 முதல் 70-க்கு மேல் வரை மாடலுக்கு மாடல் வேறுபடும். எண்ணிக்கை கூடினால் ஒரே வருடலில் அதிக முடி வரும். வேலை சீக்கிரம் முடியும். அதே காரணத்தால் ஒரு நொடியில் உணரும் வலியும் கூடும். சில பெட்டிகளில் ஒரு சிறு மூடி தருவார்கள். அதை மாட்டினால் சில ட்வீசர்கள் மட்டுமே தோலைத் தொடும். புதியவர்களுக்கும், அக்குளுக்கும் அது நல்ல துணை.

முடி ஏன் அறுகிறது

வளர்பருவத்தில் இருக்கும் முடி அடியில் இறுகப் பற்றியிருக்கும். ஓய்வுப்பருவ முடி சுலபமாக வந்துவிடும். இறுகிய முடியை நேராக, சீராக இழுத்தால் கழலும். பக்கவாட்டில் வெட்டி இழுத்தால் அறும். கீழே வரும் காரணங்கள் அனைத்தும் இந்த ஒன்றுக்குள் அடங்கும்.

முதலில் நீளம். 2 முதல் 5 மில்லிமீட்டர் சரியான அளவு. அதைவிடக் குட்டையான முடியின் நுனியை மட்டும் தகடு பிடிக்கும். வழுக்கும், அல்லது நுனி அறும். மிக நீளமான முடியைப் பல இணைகள் பல திசைகளில் இழுக்கும். வலியும் அதிகம், அறுவதும் அதிகம். கால்முடி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஷேவ் செய்த கால் 2 மில்லிமீட்டரை எட்டப் பத்து நாள் ஆகலாம். ‘0.5 மில்லிமீட்டர் முடியையும் பிடிக்கும்’ என்று விளம்பரம் இருந்தாலும், கற்றுக்கொள்ளும் காலத்தில் அதை நம்பிக் குட்டை முடியில் தொடங்கவேண்டாம். நீண்ட முடி இருந்தால் ட்ரிம்மரில் 3 மில்லிமீட்டர் சீப்பை மாட்டி ஒரே மட்டமாக்கிவிட்டுத் தொடங்கலாம்.

அடுத்தது கோணம். எந்திரத்தின் தலை தோலுக்குச் செங்குத்தாக, அதாவது 90 டிகிரியில் நிற்கவேண்டும். சாய்த்துப் பிடித்தால் ஒரு ஓரத்து ட்வீசர்கள் மட்டும் தொடும். முடி பக்கவாட்டில் இழுபடும். முன்பக்கம் இருக்கும் சுவிட்ச் நீங்கள் நகரும் திசையைப் பார்த்திருக்கும்படி பெரும்பாலான கருவிகள் வடிவமைக்கப்பட்டிருக்கும். உங்களுடையதற்கு எது சரி என்பது கையேட்டில் படமாகவே இருக்கும்.

நகர்த்தும் வேகமும் திசையும் முக்கியம். முடி வளரும் திசைக்கு எதிராக, மெதுவாக நகர்த்தவேண்டும். ரேசர் பழக்கத்தில் சரக்கென்று இழுப்பவர்கள் பலர். அப்படிச் செய்தால் தகடு கவ்விய முடியைச் சுழற்சி மேலே தூக்குவதற்குள் கை பக்கவாட்டில் இழுத்துவிடுகிறது.

அழுத்தம் வேண்டவே வேண்டாம். அழுத்தினால் நன்றாகப் பிடிக்கும் என்று தோன்றும். உண்மையில் அழுத்தும்போது உருளையின் சுழற்சி குறைகிறது. தகடுகளுக்கு நடுவே தோல் புகுந்து கிள்ளுபடுகிறது. எந்திரத்தின் எடையே போதும். இரைச்சல் கம்மினால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். உடனே கையைத் தளர்த்துங்கள். சார்ஜ் குறைந்தாலும் இதே நிலைதான். சுழற்சி தளர்ந்த எந்திரம் முடியைப் பிடித்து நிறுத்தும், இழுத்து முடிக்காது. ஒவ்வொரு தடவையும் முழு சார்ஜோடு தொடங்குவது நல்ல வழக்கம்.

தோல் தொய்ந்திருந்தால் முடியோடு தோலும் சேர்ந்து எழும்பும். இழுக்கும் விசையில் பாதி வீணாகும். இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். வலி குறைவதற்கும் இதைவிட எளிய வழி இல்லை. எண்ணெயோ லோஷனோ தோலில் இருந்தால் தகடு வழுக்கும். பழைய எந்திரத்தில் தகடுகளில் அழுக்கு சேர்ந்தாலும், கீழே விழுந்து தகடு வளைந்தாலும் பிடி தளரும்.

அறுந்ததா, கழன்றதா என்று சந்தேகமா? எந்திரத்தின் தலையிலிருந்து நாலைந்து முடிகளை எடுத்து வெள்ளைத் தாளில் போட்டு உற்றுப் பாருங்கள். ஒரு முனை சற்றுத் தடித்து வெளிறியோ, மெல்லிய உறை சுற்றியோ இருந்தால் முழுசாக வந்தது. இரண்டு முனையும் மொட்டையாக இருந்தால் அறுந்தது. பாதிக்கு மேல் மொட்டையாக இருந்தால் நிறுத்துங்கள். மேலே சொன்ன காரணங்களில் எது என்று கண்டுபிடித்தபின் தொடருங்கள்.

முதல் தடவை: படிப்படியாக

முதல் தடவை வலிக்கும். வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அன்று வெளியே நிற்கும் முடிகளின் எண்ணிக்கை அதிகம் என்பதே காரணம். மூன்றாம், நான்காம் தடவையில் எண்ணிக்கையும் குறைந்திருக்கும், கையும் பழகியிருக்கும்.

எபிலேட்டர் போடுவதற்கு முந்தைய நாளோ அதற்கும் முன்நாளோ குளிக்கும்போது மென்மையான ஸ்க்ரப்போ கரடான துணியோ கொண்டு லேசாகத் தேய்த்துவிடுங்கள். இறந்த செல்கள் நீங்கினால், அவற்றின் அடியில் படிந்து கிடக்கும் முடி நிமிரும். எபிலேட்டர் போடுகிற அதே நாளில் கரகரவென்று தேய்க்கவேண்டாம். இரண்டு எரிச்சல் ஒன்றுசேரும்.

இரவு நேரம் நல்லது. போட்டதும் வரும் சிவப்பு விடிவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். உலர்நிலைக்கான எந்திரமென்றால் தோல் ஈரமில்லாமல் காயவேண்டும். வியர்வை இருந்தாலும் துடைத்துவிடுங்கள். ஈரத்திலும் போடலாம் என்ற வகையென்றால் வெந்நீரிலேயே நுரையோடு போடலாம். பலருக்கு இதில் வலி குறைவு. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: மின்கம்பியில் செருகி ஓடும் எந்திரத்தைக் குளியலறைக்குள் கொண்டுபோகவே கூடாது. ஈரத்தில் போடலாம் என்பது சார்ஜில் ஓடும், அப்படி என்று கையேட்டில் எழுதியிருக்கும் எந்திரத்துக்கு மட்டும்.

வேகத்தில் இரண்டு நிலை இருந்தால் குறைந்ததில் தொடங்குங்கள். கெண்டைக்காலின் வெளிப்பக்கம் தொடங்க ஏற்ற இடம். தோல் தடிமன், சதை இருக்கிறது, பார்வைக்கும் எட்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகுதியை எடுத்து, அதை முடித்தபின் அடுத்ததற்குப் போங்கள். ஒரே இடத்தில் இரண்டு, மூன்று முறைக்கு மேல் ஓட்டவேண்டாம். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு முடியை ட்வீசரால் எடுத்துக்கொள்ளலாம், அல்லது அடுத்த தடவைக்கு விட்டுவிடலாம். இரண்டு முழங்கால்களுக்குக் கீழே முடிக்க முதல் நாள் அரை மணிக்கு மேலும் ஆகலாம். தாங்கவில்லை என்றால் ஒரு காலை இன்று, மற்றதை நாளை என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

கடினமான இடங்கள்

முழங்கால் முட்டியில் போடும்போது காலை மடக்கினால் தோல் இறுகும். முட்டியின் பின்பக்கத்துக்குக் காலை நீட்டவேண்டும். கணுக்கால் எலும்பின் மேலும் காலின் முன்பக்க எலும்பின் மேலும் தோல் மெல்லியது. அங்கே இன்னும் மெதுவாக.

அக்குளில் முடி தடித்தது, பல திசைகளில் வளர்வது, தோலோ மென்மையானது. கையைத் தலைக்குப் பின்னால் மடக்கிக் குழியைத் தட்டையாக்குங்கள். கண்ணாடி முன் நின்று, முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, மேல்பகுதிக்கு ஒரு திசை, கீழ்ப்பகுதிக்கு வேறு திசை என்று பிரித்துப் போடவேண்டும். காலில் இரண்டு மூன்று தடவை பழகியபின் இதற்கு வருவது நல்லது.

முகத்துக்கு, முகத்துக்கென்றே செய்த சிறு தலை உள்ள கருவி மட்டும். பூனைமுடியை எபிலேட்டரால் எடுக்கவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. மேலுதடு, தாடைப் பகுதிகளில் சில கருமுடிகள் மட்டுமென்றால் ட்வீசரே போதும். அடிவயிற்றுக்குக் கீழே, தொடை இடுக்கின் ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறப்புறுப்பின் மேல் தோல் தளர்வானது, எளிதில் கிழியும்.

போட்டு முடித்தபின்

சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் வரும். ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்கால். முடியை இழுத்த எரிச்சலில் அதைச் சுற்றி ரத்த ஓட்டம் கூடி லேசாக வீங்குகிறது. சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில் அடங்கும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் ஒற்றிவைத்து, மணமில்லாத மாய்ஸ்சரைசரோ கற்றாழை ஜெல்லோ தடவினால் போதும்.

வாய் திறந்த மயிர்க்கால்களுக்கு அன்று முழுவதும் ஓய்வு வேண்டும். ஒரு நாளைக்கு நீச்சல், வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி, இறுக்கமான உடை, நேரடி வெயில் வேண்டாம். அக்குளில் போட்டிருந்தால் மறுநாள்வரை டியோடரண்ட் வேண்டாம்; எரியும்.

மூன்றாம் நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை லேசான ஸ்க்ரப், தினமும் மாய்ஸ்சரைசர். இதை விட்டுவிடுவதால்தான் அடுத்து வரும் தொல்லை.

பொரியும் உள்முடியும்

சிவப்புப் புள்ளி வேறு, சீழ்ப்பொரி வேறு. இரண்டு, மூன்று நாள் கழித்து மஞ்சள் அல்லது வெள்ளை முனையோடு கொப்புளங்கள் வந்தால் மயிர்க்காலில் கிருமி புகுந்து அழற்சி உண்டாகியிருக்கிறது. கழுவாத கருவி, கழுவாத தோல், வியர்வையோடு இறுக்கமான உடை ஆகியவை வழக்கமான காரணங்கள். பொரி ஆறும்வரை எபிலேட்டரைத் தொடவேண்டாம். மிதமான சோப்பால் கழுவி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒற்றடம் கொடுங்கள். பரவினால், வலி கூடினால், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போகவேண்டும்.

உள்முடி என்பது வெளியே வரவேண்டிய முடி தோலுக்குள்ளேயே வளர்வது. இது இரண்டு வழியில் நேரும். தோல் மட்டத்துக்குக் கீழே அறுந்த முடியின் கூர்முனை, மேலே வராமல் மயிர்க்காலின் சுவரைக் குத்திக்கொண்டு போகலாம். அல்லது புதிதாக வரும் மெல்லிய முடி, வாயை மூடியிருக்கும் இறந்த செல்களைத் துளைக்க முடியாமல் உள்ளேயே வளையலாம். முதலாவதற்கு மருந்து அறுக்காமல் எடுக்கும் கைப்பழக்கம். இரண்டாவதற்கு மருந்து ஸ்க்ரப்பும் ஈரப்பதமும். சுருள்முடிக்காரர்களுக்கு இரண்டுமே அதிகம். சாலிசிலிக் அமிலம் அல்லது லாக்டிக் அமிலம் கலந்த லோஷன், வாயடைக்கும் செல்களைக் கரைக்க உதவும். போட்ட அன்றே தடவாமல் இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடங்குங்கள்.

உள்முடி வந்துவிட்டால் ஊசியால் தோண்டவே கூடாது. மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் ஒவ்வொரு தோண்டலும் மாதக்கணக்கில் நிற்கும் கரும்புள்ளியாக மாறலாம். வெதுவெதுப்பான ஒற்றடம் கொடுத்துக் காத்திருங்கள். முடி வளையமாக மேலே தெரிந்தால் மட்டும், ஸ்பிரிட்டால் துடைத்த ட்வீசரால் அதன் நுனியை மெல்ல வெளியே எடுத்துவிடுங்கள். பிடுங்கவேண்டாம், பிடுங்கினால் அடுத்த முடியும் அதே வழியில் போகலாம்.

சுருக்கமாக, சில மணி நேரச் சிவப்பு இயல்பு. சீழ்ப்பொரிக்குக் காரணம் சுத்தக்குறைவு. உள்முடிக்குக் காரணம் அறுந்த முடியும் அடைந்த தோலும்.

கருவியைச் சுத்தம் செய்தல்

ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் தலையைக் கழற்றி, கூட வந்த தூரிகையால் முடியைத் தட்டுங்கள். கழுவலாம் என்று குறியிருந்தால் ஓடும் நீரில் கழுவி முழுதாகக் காயவிடுங்கள். பிறகு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தகடுகளைத் துடைக்கவேண்டும். அக்காவும் தங்கையும் ஒரே எபிலேட்டரை வைத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது, அது சரியல்ல. மயிர்க்காலில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கசிவதுண்டு. ஹெபடைட்டிஸ் பி போன்ற ரத்தத்தின் வழி பரவும் நோய்கள் இப்படிப் பரவ வாய்ப்புண்டு. ஆளுக்கொன்று இருக்கட்டும்.

யார் நிறுத்திக்கொள்ள வேண்டும்

மச்சம், மரு, புடைத்த நரம்பு, வெயிலில் வெந்த தோல், ஆறாத காயம், எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற தோல் நோய் உள்ள இடம் ஆகியவற்றின் மேல் ஓட்டக்கூடாது. முகப்பரு போன்றவற்றுக்குத் தரும் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) கிரீம் தடவும் இடத்தில் தோல் மெலிந்து எளிதில் உரியும். கடுமையான முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடல் முழுவதும் அப்படித்தான். நீரிழிவு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், காயம் பட்டால் தடித்த தழும்பு வளர்கிறவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்களுக்குத் தாடை, மார்பு, அடிவயிற்றின் நடுக்கோடு ஆகிய இடங்களில் கருமுடி புதிதாக அதிகரித்து, மாதவிடாயும் ஒழுங்கில்லாமல் போனால் எபிலேட்டரைத் தேடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி எனப்படும் பிசிஓஎஸ் போன்ற ஹார்மோன் கோளாறு இருக்கலாம். அதற்குச் சிகிச்சை எடுக்காமல் முடியை மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தால் வந்துகொண்டேதான் இருக்கும்.

லேசர் யோசனை இருந்தால்

மின்னூசியால் ஒவ்வொரு மயிர்க்காலாக அழிக்கும் எலக்ட்ராலிசிஸ் முறையை மட்டுமே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நிரந்தர முடி நீக்கம் என்று ஏற்கிறது. லேசரை, முடியை நீண்டகாலத்துக்குக் குறைக்கும் முறை என்றுதான் அது வகைப்படுத்துகிறது. லேசரின் ஒளியை ஈர்ப்பது மயிர்க்காலுக்குள் நிற்கும் முடியின் கருநிறம். அந்தச் சூடுதான் மயிர்க்காலைச் சேதப்படுத்துகிறது. எபிலேட்டர் பிடுங்கிய மயிர்க்கால்களுக்குள் முடியே இருக்காது. ஒளிக்குப் பிடிமானமும் இருக்காது. ஆகவே லேசர் தொடங்குவதற்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன்பே எபிலேட்டர், வேக்சிங், த்ரெட்டிங் மூன்றையும் நிறுத்திவிட்டு, சிகிச்சை முடியும்வரை ரேசரை மட்டும் பயன்படுத்துங்கள். ஷேவ் செய்தால் உள்ளே இருக்கும் முடி அப்படியே இருக்கும். லேசருக்குத் தேவை அதுதான்.